சித்தப்பா சொன்னதும் அச்சில் உள்ளதும்: ராணுவ பேண்டு வரலாற்றை எதை நம்பி எழுதுவது?

என் சித்தப்பா ராணுவ பேண்டில் கிளாரினெட் வாசித்தவர். ஜனவரிக் குளிரில் அந்தக் கருவி என்ன பாடு படுத்தும் என்பதை அவரிடம்தான் கேட்க வேண்டும். காற்று குளிர்ந்தால் ஊதுகருவிகளின் சுருதி இறங்கிவிடும். அதனால் அணியில் நிற்கும்போதே, சத்தம் எழாமல், குழலுக்குள் மூச்சை விட்டு விட்டு அதைச் சூடாக வைத்திருப்பார்களாம். பித்தளைக் கருவி வைத்திருப்பவர் ஊதுவாயைக் கழற்றி உள்ளங்கைக்குள் பொத்திக்கொள்வார். கிளாரினெட்காரர் ஊதுவாயில் பொருத்தும் நாணல் தகடான ரீடின் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்வார். இதையெல்லாம் அவர் சொல்லும்போது விரல்கள் தாமாக அசையும்.

இணையக் கலைக்களஞ்சியம் ஒன்றில் இந்திய ராணுவ பேண்டுகளைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது எனக்குத் தெரிந்ததில் பாதி இப்படி அவர் வாயிலிருந்து வந்தது. மூன்று பத்திகள் எழுதினேன். ஒவ்வொரு வாக்கியத்தின் முன்னும் நின்று, “இதை எந்த நூல், எந்த இதழ் சொல்கிறது?” என்று கேட்டேன். மத்தியப் பிரதேசத்தின் பச்மரியில் 1950-இல் ராணுவ இசைப் பயிற்சிப் பிரிவு தொடங்கப்பட்டது என்ற ஒரு வரிதான் மிஞ்சியது. மற்றவற்றை நானே அழித்தேன். அன்றிலிருந்து அனுபவத்தை நம்புவது, அச்சை நம்புவது என்ற இந்த இரண்டு வழிகளையும் எடைபோட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இத்தகைய கலைக்களஞ்சியங்களின் சான்று விதி சொல்வது இதுதான்: எழுதுகிறவருக்குத் தெரியும் என்பது போதாது, படிக்கிறவர் சரிபார்க்க முடிய வேண்டும். தமிழ் விக்கிப்பீடியாவில் இதை மெய்யறிதன்மை என்கிறார்கள். இதன் இரட்டைப் பிள்ளைதான் சொந்த ஆய்வு கூடாது, அதாவது வேறெங்கும் வெளிவராததை இங்கே முதன்முதலாக எழுதக் கூடாது என்ற விதி. முப்பது ஆண்டு பேண்டு மாஸ்டராக இருந்தவர் எழுதினாலும், பள்ளி மாணவி எழுதினாலும், வரியின் வாலில் ஒரு சான்று நிற்க வேண்டும். இல்லையென்றால் ‘சான்று தேவை’ என்ற குறி வந்து ஒட்டிக்கொள்ளும். அனுபவசாலிகளுக்கு இது அவமதிப்பாகத் தெரிவது இயல்பு. வாழ்ந்தவனிடம் போய், வாழ்ந்ததற்கு ரசீது இருக்கிறதா என்று கேட்பது போல இருக்கிறது.

ஆனால் ராணுவ இசையின் வரலாற்றிலேயே இந்த விதியின் அருமையைக் காட்டும் ஒரு வழக்கு இருக்கிறது. கேப்டன் ராம் சிங் தாக்குரி கூர்க்கா படையில் இருந்து மலாயாவில் போர்க்கைதியாகி, பிறகு இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து அதன் இசைக்குழுவை நடத்தியவர். ‘கதம் கதம் படாயே ஜா’ நடைப்பாட்டுக்கு இசையமைத்தவர் அவர். சிங்கப்பூரில் 1943-இல் நேதாஜி அமைத்த சுதந்திர இந்திய அரசின் கீதமாக ஒலித்த ‘சுப் சுக் சைன்’ பாடலுக்கு உயிர்கொடுத்ததும் அவருடைய குழுதான். அந்தப் படையில் மலாயாத் தமிழர்கள் திரளாகச் சேர்ந்திருந்ததால், ஏராளமான தமிழ்க் காதுகளிலும் அந்த இசை விழுந்திருக்கும். இன்று இணையத்தில் பலர் ஒரு படி மேலே போய், ‘ஜன கண மன’ மெட்டே அவருடையதுதான் என்று எழுதுகிறார்கள். ‘சுப் சுக் சைன்’ அதே மெட்டில் இருப்பதால் கேட்கிறவர்களுக்கு அது சரியென்றே படுகிறது.

அச்சில் உள்ளதைத் தேடினால் சங்கதி வேறு. ‘ஜன கண மன’ 1911 டிசம்பர் 27 அன்றே கல்கத்தா காங்கிரஸ் மாநாட்டில் பாடப்பட்டது. தாகூர் 1919-இல் மதனப்பள்ளிக் கல்லூரியில் தங்கியிருந்தபோது அதை ஆங்கிலத்தில் பெயர்த்தார். மேற்கத்திய இசை கற்ற மார்கரெட் கசின்ஸ் அங்கேயே மெட்டுக்குச் சுரக்குறிப்பு எழுதினார். ராம் சிங் அப்போது ஐந்து வயதுகூட நிரம்பாத குழந்தை. எத்தனை பேர் நேரில் கேட்டதாகச் சொன்னாலும் இந்தத் தேதிகளின் முன் அந்தக் கூற்று நிற்காது.

இருந்தாலும் இங்கேயே அனுபவத்துக்கும் ஒரு வேலை இருக்கிறது. இந்தக் குழப்பம் எப்படி வந்தது என்பதைத் தேதிகள் சொல்வதில்லை, பேண்டில் இருந்தவர்தான் சொல்வார். தமிழில் ‘இசையமைத்தார்’ என்ற ஒரே சொல்லை இரண்டு வேலைகளுக்கும் வைத்திருக்கிறோம். மெட்டைப் புதிதாக உண்டாக்குவது ஒன்று. இருக்கிற மெட்டை எடுத்து, கிளாரினெட்டுக்கு இது, கார்னெட்டுக்கு இது, யூபோனியத்துக்கு இது, பெரிய டிரம்முக்கு இது என்று பிரித்து எழுதிக் குழுவின் கையில் கொடுப்பது இன்னொன்று. அந்தத் தாள்கள் வந்து சேர்ந்த பிறகுதான் பேண்டுக்காரருக்குப் பாட்டே பிறக்கிறது. “எங்கள் மாஸ்டர் போட்டது” என்று அவர் சொல்வதில் பொய் இல்லை. அவர் சொன்ன ‘போட்டது’ இரண்டாவது வேலை, கேட்டவர் எழுதிக்கொண்டது முதலாவது.

இனி மறுபக்கம். அச்சில் இருப்பதெல்லாம் சரியென்று நம்பினால் என்ன ஆகும்?

குடியரசு தின விழாக்களின் நிறைவாக ஜனவரி 29 அன்று டெல்லி விஜய் சௌக்கில் படை பேண்டுகள் வாசிக்கும் ‘பீட்டிங் ரிட்ரீட்’ நிகழ்ச்சி நடக்கிறது. இந்திய பேண்டுகளுக்கு இதைவிடப் பெரிய மேடை கிடையாது. இதன் தோற்றத்தைச் சொல்லும் பத்திரிகைக் கட்டுரைகள் பலவற்றில் ஒரே வாசகம் திரும்பத் திரும்ப வரும். 1950-களில் எலிசபெத் ராணியும் பிலிப் இளவரசரும் இந்தியா வந்தபோது, மேஜர் ராபர்ட்ஸ் என்ற அதிகாரி இந்த நிகழ்ச்சியை வடிவமைத்தார் என்பார்கள். ஆனால் ராணி முதன்முதலாக இந்தியா வந்தது 1961 ஜனவரியில். நிகழ்ச்சி தொடங்கியது 1950-களில் என்றால் காரணம் ராணியின் வருகை அல்ல. ராணியின் வருகைதான் காரணம் என்றால் தொடங்கியது 1950-களில் அல்ல. இரண்டும் ஒரே வாக்கியத்தில் குடியிருக்க முடியாது. குடியிருக்கின்றன, அதுவும் மதிப்புள்ள நாளிதழ்களில். சான்று விதியை எழுத்துக்கு எழுத்து பின்பற்றினால் இந்தத் தவறு கூசாமல் உள்ளே வந்து, மேற்கோள் எண்ணோடு கம்பீரமாக உட்கார்ந்துகொள்ளும். பிறகு அடுத்த நிருபர் கலைக்களஞ்சியத்தைப் பார்த்து எழுதுவார், அவர் எழுதியது இன்னொரு சான்றாகும். ஒரு பொய்க்கு நான்கு சாட்சிகள் இப்படித்தான் முளைக்கிறார்கள்.

இந்தத் தவறைக் கண்டுபிடிக்க எனக்குச் சித்தப்பா உதவவில்லை, ராணியின் பயணத் தேதிதான் உதவியது. அதாவது மோசமான சான்றைத் திருத்தியது நல்ல சான்று. விதியில் குறையென்று நாம் சொல்வதில் பெரும்பகுதி விதியைச் சோம்பலாகப் பயன்படுத்துவதால் வருவது. நாளிதழின் விழாக்காலக் கட்டுரையைவிட அந்தக் காலத்து ஆவணம் மேல், யார் எழுதியது என்றே தெரியாத தொகுப்பைவிட ரெஜிமென்ட் வரலாற்று நூல் மேல். இணையத்தில் கிடைக்காத நூலையும் சான்றாகக் காட்டலாம், நூலகத்தில் இருந்தால் போதும். இது தெரியாமலேயே பலர் கையை விரித்துவிடுகிறார்கள்.

சித்தப்பாவின் நினைவும் ஒருமுறை சோதனைக்கு வந்தது. போர் நடந்த 1971-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தான் முதன்முதலாக டெல்லி அணியில் வாசித்ததாக எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். பெட்டியின் அடியிலிருந்து அந்த நிகழ்ச்சியின் புகைப்படம் கிடைத்தது. பின்புறத்தில் அவருடைய கையெழுத்திலேயே 1974 என்று இருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். “அப்படியானால் எழுபத்தொன்று நான் எங்கே இருந்தேன்?” என்று கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்தது. நினைவு பொய் சொல்லவில்லை. தனக்குப் பெரிய ஆண்டாக இருந்த ஆண்டோடு தனக்குப் பெரிய நாளாக இருந்த நாளைச் சேர்த்து வைத்திருந்தது.

இன்னொரு படத்தை வைத்து அவர் என்னையும் திருத்தினார். அதே போன்ற அணிவகுப்புப் படம் ஒரு பத்திரிகையில் வந்திருந்தது. படக்குறிப்பில் ட்ரம்பெட் வாசிக்கும் வீரர்கள் என்று போட்டிருந்தார்கள். சித்தப்பா ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. “குழாய் எவ்வளவு நெருக்கமாகச் சுருண்டிருக்கிறது பார், இது கார்னெட்.” எனக்கு அதுவரை இரண்டும் ஒன்றுதான். கருவி எது, அணியில் யார் எங்கே நிற்பார், பெரிய டிரம்மின் அடி எந்தக் காலுக்கு விழும் என்பதிலெல்லாம் அவர் சொல்வதே இறுதி. படக்குறிப்பு எழுதியவர் அவர் பக்கத்தில்கூட நிற்க முடியாது. விதியின் பார்வையிலோ அச்சில் வந்த படக்குறிப்புதான் சான்று, சித்தப்பா சான்று அல்ல.

காதால் மட்டுமே அறியக்கூடிய வரலாறும் உண்டு. முத்துசுவாமி தீட்சிதரின் நொட்டுஸ்வர சாகித்தியங்கள், அதாவது மேற்கத்திய மெட்டில் அமைந்த பாடல்கள், ஏறத்தாழ நாற்பது இருக்கின்றன. செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் கும்பினியாரின் பேண்டு வாசித்ததைக் கேட்ட காதுகளின் விளைச்சல் அவை என்பது வழிவழியாக வரும் செய்தி. ‘சந்ததம் பாஹிமாம்’ என்ற உருப்படியைப் பாடச் சொல்லிக் கேளுங்கள். பிரிட்டிஷ் மன்னர் வாழ்த்தின் மெட்டு அப்படியே வந்து நிற்கும். அந்த ஒற்றுமையை முதலில் ஒரு காதுதான் கண்டது, ஆவணம் பிறகு வந்தது. அதைக் கேட்டவர்கள் வாய்ப்பேச்சோடு நின்றிருந்தால் இன்று நம்மால் எழுத முடியாது. சின்னசாமி முதலியார் 1893-இல் சென்னையில் நம் இசையை ஐரோப்பியக் குறிமுறையில் அச்சிட்டது போன்ற உழைப்பு இருந்ததால்தான், மேற்கத்தியக் குறிப்பு மட்டுமே படிக்கத் தெரிந்தவரும் நம் உருப்படிகளை எடுத்து ஒப்பிட முடிகிறது. காது கண்டதைத் தாள் தாங்கிக்கொண்டது.

அனுபவத்துக்கே முதலிடம் கொடுத்து ஒரு கலைக்களஞ்சியம் நடத்தினால் என்ன? அதையும் செய்து பார்த்தார்கள். விக்கிப்பீடியாவை உருவாக்கியவர்களுள் ஒருவரான லாரி சாங்கர் 2006-இல் அறிவித்துத் தொடங்கிய சிட்டிசன்டியத்தில் சொந்தப் பெயரில்தான் எழுத வேண்டும், துறை வல்லுநர் ஒப்புதல் தர வேண்டும் என்று விதி வைத்தார்கள். நோக்கம் உயர்ந்தது, ஆனால் அது தழைக்கவில்லை. மறுபுறம், ஆங்கில விக்கிப்பீடியாவில் இறையியல் பேராசிரியர் என்று சொல்லிக்கொண்டு செல்வாக்கோடு இருந்த ஒருவர் 24 வயது இளைஞர் என்பது 2007-இல் வெளிப்பட்டது. திரைக்குப் பின்னால் இருப்பவர் உண்மையான பேண்டு மாஸ்டரா என்று எப்படி அறிவது? இந்தக் கேள்விக்கு விடை இல்லாதவரை ஆளை நம்பச் சொல்லும் முறைக்கு நான் வாக்களிக்க மாட்டேன்.

ஆனாலும் விதி யாரை வெளியே நிறுத்துகிறது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. ராணுவத்தில் எழுதி வைத்தவர்கள் அதிகாரிகள். தளபதி பெயர் இருக்கும், தேதி இருக்கும், தலைமை விருந்தினர் பெயர் இருக்கும். இரண்டாம் வரிசையில் யூபோனியம் வாசித்தவன் பெயர் இருக்காது. அவன் அறிந்ததெல்லாம் வாய்வழியாகவே இருந்தது, வாய்வழியாகவே போகிறது. வாய்மொழியையும் சான்றாக ஏற்க முடியுமா என்று 2011-இல் இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் விக்கிப்பீடியாவுக்காக ஒரு முயற்சி நடந்தது. ஊர் மக்களிடம் விளையாட்டு, சமையல் போன்றவற்றைக் கேட்டு ஒலிப்பதிவு செய்து, அந்தப் பதிவையே சான்றாக வைத்துக் கட்டுரை எழுதினார்கள். அது பொது விதியாகவில்லை. ஆகியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம், குறைந்தபட்சம் செயல்முறைகளைப் பொறுத்தவரையிலாவது. எப்போது, யார், எந்த ஊர் என்ற கேள்விகளுக்கு நினைவை நம்பக் கூடாது, 1974-ஐப் பார்த்துவிட்டேன். எப்படி என்ற கேள்விக்கு நினைவைவிட நல்ல சாட்சி இல்லை.

அதனால் சித்தப்பாவிடம் போய் ஒலிப்பதிவுக் கருவியை வைத்தேன். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள். தேதிகளைக் கேட்கவில்லை. குழல் துடைப்பது எப்படி, இசைக்குறிப்பு உள்ள மார்ச் கார்டு மழையில் நனைந்தால் என்ன செய்வீர்கள், அணியை நடத்திச் செல்லும் டிரம் மேஜரின் தடி எப்படி அசைந்தால் நிற்க வேண்டும் என்று கேட்டேன். அதைக் கட்டுரையாக்கி, முன்னாள் படைவீரர்கள் நடத்தும் ஒரு சிற்றிதழுக்குக் கொடுத்தேன். அதன் ஆசிரியரும் ராணுவத்தில் இருந்தவர். இரண்டு இடங்களில் சித்தப்பாவைத் தொலைபேசியில் அழைத்துச் சண்டை போட்டுத் திருத்தி வாங்கிய பிறகுதான் அச்சிட்டார்.

இதழ் வந்ததும் சித்தப்பா முதலில் பார்த்தது படத்தைத்தான். கீழே நான் 1974 என்று போட்டிருந்தேன். அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் வரிசையில் இருந்த ஒருவர்மேல் விரலை வைத்து, “இவன் பெயரை விட்டுவிட்டாயே” என்றார்.