யமஹா பி-45: அக்கா தம்பி சேர்ந்து பியானோ பழகும் வீட்டுக்கு எப்படி?

ஒரே பியானோவில் இரண்டு மூன்று பிள்ளைகள் பழகப் போகிறார்கள் என்றால், ஒலி எவ்வளவு இனிமை என்பது மட்டும் போதாது. கட்டையின் கனம், பெஞ்சின் அகலம், பெடல், ஹெட்ஃபோன் துளை, இவைதான் தினமும் சண்டையைக் கிளப்பும் விஷயங்கள். யமஹா பி-45-ஐ அந்தக் கோணத்தில்தான் இங்கே பார்க்கிறோம். 2015-ல் வந்த மாடல் இது. 2023-ல் பி-145 வந்தபின், இனி இதைப் பெரும்பாலும் செகண்ட் ஹேண்டில்தான் வாங்க வேண்டியிருக்கும்.

88 கட்டைகள், 11.5 கிலோ, நீளம் 1.33 மீட்டர். உள்ளே ஜிஎச்எஸ் என்ற சுத்தியல் அமைப்பு: இடப்பக்கக் கட்டைகள் கனமாகவும், வலப்பக்கம் போகப் போக லேசாகவும் இருக்கும். விரல் பலப்பட இது அவசியம். 61 கட்டைக் கீபோர்டை இரண்டு பேருக்கென்று வாங்குவதில் பிரயோஜனம் இல்லை; இடப்பக்கம் உட்காருபவரின் இடக்கைக்கு வேண்டிய தாழ்ந்த சுரங்களே அதில் இருக்காது.

சிறிய பிள்ளைக்கு இந்தக் கனம் முதலில் சிரமம்தான். அழுத்தும் வேகத்துக்கு ஏற்பச் சத்தம் எப்படி மாற வேண்டும் என்று தீர்மானிக்கும் டச் (தொடு உணர்வு) அமைப்பில் ஹார்ட், மீடியம், சாஃப்ட், ஃபிக்ஸட் என்று நான்கு நிலைகள் உண்டு. சாஃப்டில் வைத்தால் லேசாக அழுத்தினாலே சத்தம் வரும் என்பதால், கடைக்குட்டிக்காக அப்படியே விட்டுவிடுவார்கள். அதைச் செய்யாதீர்கள். சாஃப்டில் பழகிய விரல் வேறொரு நிஜப் பியானோவில் உட்காரும்போது பாதி சுரங்கள் விழுங்கப்பட்டுவிடும். சாஃப்ட் முதல் ஒரு மாதம் போதும். பிறகு எல்லோருக்கும் மீடியம். ஃபிக்ஸட் பக்கமே போக வேண்டாம், அதில் மெதுவும் அழுத்தமும் ஒன்றாகிவிடும்.

இந்தப் பியானோவின் உண்மையான பலம் டுயோ. அதை இயக்கினால் 88 கட்டைகள் சரிபாதியாக, 44-44 ஆகப் பிரிகின்றன. நடு சி-க்கு அடுத்து வரும் இ கட்டை வரை இடப்பக்கம். எஃப் முதல் வலப்பக்கம். இரண்டு பாதியிலும் ஒரே ஆக்டேவ்கள் (ஸ்தாயிகள்) ஒலிக்கும். ஆக, அக்கா இந்தப் பக்கம் ஒரு வரி வாசிக்க, தம்பி அதே உயரத்தில் அந்தப் பக்கம் திருப்பி வாசிக்கலாம். தவறான விரலை வைத்தால் பக்கத்திலிருந்தே கண்ணுக்குத் தெரியும்.

ஆனால் பலரும் இங்கேதான் குழம்புகிறார்கள். நான்கு கைகளுக்கென்று எழுதப்பட்ட உருப்படியை வாசிக்கும்போது டுயோ அணைந்திருக்க வேண்டும். அத்தகைய இசைக்கு முழு 88 கட்டையும் வேண்டும். டுயோவில் தாழ்ந்த சுரங்கள் மேலே ஏறிவிடுவதால் பாஸ் இல்லாமல் எல்லாம் நடுவிலேயே நெருக்கியடித்துக் கேட்கும். புத்தகம் தவறு என்று நினைத்துவிடாதீர்கள். சமமில்லாத தேர்ச்சி உள்ள பிள்ளைகளுக்கு இசையமைப்பாளர் டியாபெல்லி நான்கு கைகளுக்கு எழுதிய ஓபஸ் 149 மிக நல்ல தொடக்கம்: 28 சிறு உருப்படிகள். வலப்பக்கம் உட்காருபவருக்கு ஒவ்வொரு கையும் ஐந்து சுரங்களுக்குள்ளேயே நிற்கும், இடப்பக்கம் மூத்தவருக்குரிய வேலை.

நான்கு கை வாசிப்பில் முட்டிக்கொள்வது நடுவில் உள்ள இரண்டு கைகள். 1780-81 வாக்கில் வரையப்பட்ட மொஸார்ட் குடும்ப ஓவியத்தில் அக்கா நானெர்லும் தம்பி மொஸார்ட்டும் கையைக் குறுக்கே போட்டு வாசிப்பதைப் பார்க்கலாம். அந்தக் குறுக்கீடு நடக்க இடம் வேண்டும் அல்லவா? ஒருவர் உட்காரும் பெஞ்சில் இரண்டு பேரை நெருக்கினால் முழங்கை உடம்போடு ஒட்டி, மணிக்கட்டு வளைந்துவிடும். 75 சென்டிமீட்டருக்குக் குறையாத பெஞ்ச் வாங்குங்கள். அல்லது உயரம் மாற்றக்கூடிய இரண்டு தனி ஸ்டூல்கள். பிள்ளைகளின் உயரம் வேறு வேறாக இருந்தால் ஸ்டூல்தான் மேல். முழங்கை கட்டையின் மட்டத்தில் இருக்க வேண்டும், தரை எட்டாத கால்களுக்கு அடியில் ஒரு மணை. எக்ஸ் வடிவ ஸ்டாண்ட் வேண்டவே வேண்டாம், நான்கு முழங்கால்களுக்கு அதில் இடமில்லை, அழுத்தி வாசித்தால் ஆடவும் செய்யும்.

பெடல் ஒன்றுதான். அதை இடப்பக்கம் உட்காருபவர் மிதிப்பதே வழக்கம். கூடவே வரும் சிறிய பெடல் டைல்ஸ் தரையில் வழுக்கி ஓடும். அடியில் ரப்பர் மேட் போடுங்கள். இன்னொன்று: பெடலில் கால் வைத்தபடி சுவிட்சைப் போட்டால் பெடல் தலைகீழாகிவிடும், காலை எடுத்தால் சுரம் நீளும், மிதித்தால் நிற்கும். ரிப்பேருக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். அணைத்துவிட்டு, காலை எடுத்துவிட்டுப் போட்டால் சரியாகிவிடும்.

ஒரே நேரத்தில் 64 சுரங்கள்தான் ஒலிக்கும். ஆரம்ப உருப்படிகளுக்கு அது தாராளம். பெடலை விடாமல் மிதித்து நான்கு கைகளும் நிறைத்து வாசித்தால் முன் ஒலித்தவை அறுபடும்.

பெரிய குறை ஹெட்ஃபோன். துளை ஒன்றே ஒன்று, அதுவும் 6.3 மில்லிமீட்டர். சாதாரண ஹெட்ஃபோனுக்கு அடாப்டர், இரண்டு பேருக்குப் பிரிப்பு வயர் என்று தொங்கவிட வேண்டும்; இரண்டும் ஒரே ரக ஹெட்ஃபோனாக இல்லாவிட்டால் ஒருவருக்குச் சத்தம் குறைவாகக் கேட்கும். இரவில் இருவரும் சேர்ந்து பழகுவதுதான் உங்கள் வீட்டு வழக்கம் என்றால் இதை விட்டுவிட்டு, இரண்டு துளை உள்ள யமஹா பி-125 அல்லது கேசியோ பிஎக்ஸ்-எஸ்1100 பார்ப்பதே நல்லது. பி-45 பேட்டரியிலும் ஓடாது, கரண்ட் போனால் இன்வெர்ட்டர்தான்.

பாடும் பிள்ளையும் வீட்டில் இருந்தால் சுருதியை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் வசதி கை கொடுக்கும். அக்கா ஐந்தரைக் கட்டை சுருதியில் பாடுகிறாள் என்றால் மைனஸ் 4 வையுங்கள். தம்பி தனக்குத் தெரிந்த சி-யிலேயே வாசிக்க, ஜி ஷார்ப்பில் ஒலிக்கும். முடிந்ததும் பூஜ்யத்துக்குக் கொண்டுவர மறக்கக் கூடாது. திரை கிடையாது, எல்லாமே ஒரு பட்டனைப் பிடித்துக்கொண்டு கட்டைகளை அழுத்தும் வேலை என்பதால், கையேட்டில் உள்ள அந்தப் பக்கத்தை நகலெடுத்து ஸ்டாண்டிலேயே ஒட்டிவிடுங்கள்.

செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது 88 கட்டைகளையும் ஒவ்வொன்றாக, மிக மெதுவாக ஒருமுறை, அழுத்தி ஒருமுறை வாசித்துப் பாருங்கள். பக்கத்துக் கட்டைகளைவிட ஒன்று மட்டும் திடீரென்று உரக்கக் கத்தினால் அதன் சென்சாரில் கோளாறு. பிறகு ஒலியை முழுக்கக் குறைத்துவிட்டு வெறும் கட்டைச் சத்தத்தைக் கேளுங்கள். நடுவில் உள்ள இரண்டு ஆக்டேவ்கள் மட்டும் டக்டக்கென்று அடித்தால் கீழே உள்ள ஃபெல்ட் தேய்ந்திருக்கிறது, அதை மாற்றும் கூலியைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.