பாளையங்கோட்டையில் 300 ரூபாய் டிக்கெட்டில் பார்த்த நடிகர் பேட்டி

போன ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டையில் ஒரு மண்டபத்தில் நடந்த நேரடிப் பேட்டிக்குப் போயிருந்தேன். டிக்கெட் 300 ரூபாய், ஒன்றரை மணி நேரம், நம்ம பக்கத்தில் பிறந்து சினிமாவுக்குப் போன ஒரு நடிகர். மைக், நாற்காலி, ஏசி எதிலும் குறை இல்லை. பேச்சை நடத்திய விதத்தில்தான் முழுக்குறையும்.

தொகுப்பாளர் கையில் ஒரு கட்டு அட்டை. கேள்வி, பதில், "சூப்பர் சார்", கைதட்டல், அடுத்த அட்டை. பத்து நிமிடத்தில் இந்தத் தாளம் நடிகருக்கும் பிடிபட்டுவிட்டது போல, அவரும் கைதட்டலுக்குத் தோதாகப் பதிலை நறுக்கிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார். நடுவில் ஒரு தடவை, சின்ன வயதில் குறுக்குத்துறையில் குளிக்கப் போய்த் தாமிரபரணி வெள்ளத்தில் மாட்டிக்கொண்டதைச் சொல்லிவிட்டு ஒரு நொடி நிறுத்தினார். "அப்புறம்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். "சூப்பர் சார், இப்போ ரேபிட் ஃபயர்!" என்று அடுத்த அட்டைக்குப் போய்விட்டார்கள். எனக்கு மனசே ஆறவில்லை.

மனிதர்கள் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்பதை ஆராய்ந்த சாக்ஸ், ஷெக்லாஃப், ஜெஃபர்சன் மூவரும் 1974-இல் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. சாதாரணப் பேச்சில் அடுத்து யார் பேசுவது, எவ்வளவு நேரம், எதைப் பற்றி என்பதெல்லாம் முன்கூட்டி முடிவாவதில்லை, பேசப் பேசத்தான் முடிவாகிறது என்பார்கள். பேட்டியில் அப்படி இல்லை, ஒருவர் கேட்கணும், இன்னொருவர் சொல்லணும் என்று முதலிலேயே பிரித்தாகிவிட்டது. அதனால் வந்த பதிலைப் பிடித்துக்கொண்டு அடுத்த கேள்வியைக் கேட்பதில்தான் பேட்டிக்கு உயிர் இருக்கிறது, அதையும் அட்டையிடம் கொடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்?

கட்டம் போட்டு நடத்துவதே தப்பு என்று சொல்லவில்லை. பிபிசி வானொலியில் 1942-இல் தொடங்கிய 'டெசர்ட் ஐலண்ட் டிஸ்க்ஸ்' நிகழ்ச்சியும் கறாரான கட்டம்தான்: தனித்தீவுக்கு எடுத்துப்போக விருந்தினர் சொல்ல வேண்டியது 8 இசைத்தட்டு, ஒரு புத்தகம், ஒரு ஆடம்பரப் பொருள். ஆனால் ஒவ்வொரு பாட்டும் ஒரு நினைவைக் கிளப்பும், கேள்வி கேட்பவர் அங்கேயே கொஞ்சம் உட்காரலாம். ரேபிட் ஃபயரில் அதற்கு வழியே கிடையாது.

சரி, கடைசிப் பதினைந்து நிமிடம் மைக்கைப் பார்வையாளர்களிடம் கொடுத்தார்கள். எனக்கு முன்வரிசையில் இருந்த ஒரு ஆச்சி எழுந்து, "ஏ ய்யா, ஆத்துல மாட்டிக்கிட்டேன்னு சொன்னியே, பொறவு யாரு ஒன்னைய கரையேத்துனா?" என்று கேட்டார். நடிகர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு அக்கா தலைமுடியைப் பிடித்து இழுத்துப் போட்டதையும், போட்ட கையோடு முதுகில் ரெண்டு வைத்ததையும், அம்மாவிடம் இன்றுவரை அதைச் சொல்லாததையும் எட்டு நிமிடம் சொன்னார். யாரும் கைதட்டவில்லை, அவ்வளவு அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் தருகிறேன். அடுத்த மாதமும் நடத்தப்போகிறார்களாம். அட்டையில் பாதியைக் குறைத்து, பார்வையாளர் மைக்கை அரை மணி நேரம் சுற்ற விட்டால் 500 ரூபாய் என்றாலும் போவேன். போகிறவர்கள் நடுவழியை ஒட்டிய இருக்கையாகப் பிடியுங்கள், மைக் அங்கேதான் முதலில் வருகிறது.