சாக், பென் டெஸ்டிங், ஜிஆர்சி: சைபர் பாதுகாப்பில் நுழையும் பெண்ணுக்கு எது?

சைபர் பாதுகாப்பு வேலைக்குப் போகிறேன் என்று ஒரு பெண் சொன்னால், அநேகமாக முதலில் கிடைக்கும் ஆலோசனை இதுதான்: “ஆடிட் பக்கம் போய்விடு. பகல் வேலை, நிம்மதி.” நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். கூடப் படித்த பையனுக்கு மட்டும் ஏன் இந்த நிம்மதியை யாரும் சிபாரிசு செய்வதில்லை என்று தெரியவில்லை.

சென்னையில் புதிதாக வருபவருக்கு முக்கியமாக மூன்று வழிகள் இருக்கின்றன. நிறுவனத்தின் கணினிகளை இரவும் பகலும் கண்காணிக்கும் மையமான சாக் (SOC), ஊடுருவிப் பார்த்து ஓட்டை கண்டுபிடிக்கும் பென் டெஸ்டிங், விதிமுறைகளையும் தணிக்கையையும் கவனிக்கும் ஜிஆர்சி (GRC). ஷிப்ட் நேரத்தை மட்டும் பார்த்து இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதை நான் ஏற்கமாட்டேன். இரண்டு ஆண்டு கழித்து, அடுத்த நேர்முகத்தில் ‘இதை நானே செய்தேன்’ என்று சொல்ல என்ன மிஞ்சும் என்பதுதான் என் அளவுகோல்.

அதிகம் ஆள் எடுப்பது சாக்தான். 24 மணி நேரமும் யாராவது திரைமுன் இருந்தாக வேண்டுமே. ஸ்ப்ளங்க், மைக்ரோசாஃப்ட் சென்டினல், கியூரேடார் போன்ற ஏதாவது ஒரு கருவி எச்சரிக்கைகளைக் கொட்டிக்கொண்டே இருக்கும். எது நிஜம், எது வெற்று ஓலம் என்று பிரிப்பது எல்-1, அதாவது முதல் நிலை ஆய்வாளரின் வேலை. ஓர் ஊழியரின் கணக்கு காலை 9.10க்குச் சென்னையிலிருந்தும் 9.25க்கு ஃப்ராங்க்ஃபர்ட்டிலிருந்தும் உள்ளே வந்ததாகக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். கால் மணி நேரத்தில் யாரும் ஜெர்மனி போக முடியாது. ஆனாலும் பதறிப்போய்க் கணக்கை முடக்குவதற்கு முன், அந்த ஐபி முகவரி, இணைப்பை வேறு ஊர் வழியாகத் திருப்பிவிடும் நிறுவனத்தின் சொந்த விபிஎன்னுடையதா என்று பார்க்க வேண்டும். பல நேரம் அதுவாகத்தான் இருக்கும். இல்லையென்றால்தான் விஷயம் சூடுபிடிக்கிறது. இரண்டாம் கட்டச் சரிபார்ப்பைத் தாண்டியது எப்படி? கணக்கில் புதிய கைப்பேசி ஏதாவது சேர்ந்திருக்கிறதா? வரும் மின்னஞ்சலையெல்லாம் வெளிமுகவரிக்குத் தானாக அனுப்பும் விதி ஒன்று சத்தமில்லாமல் முளைத்திருக்கிறதா? இப்படி ஒன்றைப் பிடித்து இன்னொன்றுக்குப் போகும் பழக்கத்தை எந்தப் பயிற்சி வகுப்பும் சாக் அளவுக்குத் தருவதில்லை.

இரவு ஷிப்ட் கஷ்டம்தான், மறுக்கவில்லை. தமிழ்நாட்டில் பெண்களை இரவு வேலையில் வைக்க அவர்களின் எழுத்துப்பூர்வமான சம்மதமும் தகுந்த பாதுகாப்பும் வேண்டும்; பெரிய ஐடி நிறுவனங்கள் வண்டியும் காவலரும் அனுப்புகின்றன. ஆக, பயணத்தைவிடத் தூக்கம்தான் பெரிய பிரச்சினை. இந்த வாரம் காலை, அடுத்த வாரம் இரவு என்று மாறிக்கொண்டே இருந்தால் உடம்பு எதற்கும் பழகாது. இதைவிட மோசமான ஆபத்து, எச்சரிக்கையை அப்படியே நகலெடுத்து அடுத்த நிலையான எல்-2க்குத் தள்ளுவது மட்டுமே வேலையாக இருக்கும் மையங்களில் மாட்டிக்கொள்வது. அங்கே மூன்று ஆண்டு இருந்தாலும் முதல் ஆண்டு அனுபவம்தான்.

பென் டெஸ்டிங்குக்குக் கவர்ச்சி அதிகம், புதியவர்களுக்கான இடம் குறைவு. அதன் அடிப்படை என்னவோ எளிமையானது. சோதிக்கத் தந்த இணையக் கடையில் உங்கள் ரசீதைத் திறக்கிறீர்கள். முகவரிப் பட்டையின் கடைசியில் 1041 என்றிருக்கிறது. அதை 1042 ஆக்கித் தட்டினால் வேறொருவரின் பெயரும் வீட்டு முகவரியும் வந்து நிற்கின்றன. இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் இணையச் செயலிகளின் பெரிய பலவீனங்களைத் தொகுக்கும் ஓவாஸ்ப் அமைப்பின் 2021 பட்டியலில் முதலிடம் பிடித்தது இந்த வகைக் கோளாறுதான். மென்பொருள் சோதனையில் இருந்த பெண்களுக்கு இது கைவந்த கலை. ‘இதைத் தப்பாகக் கொடுத்தால் என்ன ஆகும்?’ என்று கேட்டே சம்பளம் வாங்கியவர்கள் அவர்கள். போர்ட்ஸ்விக்கர் நிறுவனத்தின் இணையப் பயிற்சிக்கூடம் இலவசம். பெரிய கட்டணம் கட்டும் முன் அங்கே தொடங்கலாம்.

இத்துறையினர் மதிக்கும் பென் டெஸ்டிங் சான்றிதழான ஓஎஸ்சிபியின் தேர்வு 23 மணி 45 நிமிடம் நடக்கும், வெப்கேமராக் கண்காணிப்பில். அது முடிந்ததும் அறிக்கை எழுதி அனுப்ப இன்னும் 24 மணி நேரம் தருவார்கள். பாடம் கடினம் என்பது இருக்கட்டும். ஒரு குடும்பப் பெண்ணுக்கு, யாரும் கதவைத் தட்டாத இரண்டு நாள் வீட்டில் கிடைப்பது அதைவிடக் கடினம். தேர்வுத் தேதி குறிக்கும் முன் அதைப் பேசி முடித்துவிடுவது நல்லது. பெண்களுக்கு இது சரிவராது என்பவர்களிடம் ஒரு பெயர் சொல்லலாம்: கேட்டி மௌசூரிஸ். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2016இல் ஹேக்கர்களை அழைத்துத் தன் தளங்களைச் சோதிக்கச் சொன்ன ‘ஹேக் த பென்டகன்’ திட்டம் உருவாகக் காரணமானவர்களில் ஒருவர்.

ஜிஆர்சிக்கு இந்தியாவில் தேவை கூடிவருகிறது. இணையத் தாக்குதலை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், கணினிப் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022இல் உத்தரவிட்டது. 2024இல் பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி தனியாக ஒரு சைபர் கட்டமைப்பைக் கொண்டுவந்தது. தகவல் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 27001இன் 2022 பதிப்பில் 93 கட்டுப்பாடுகள் இருக்கின்றன. இவற்றையெல்லாம் யாராவது ஒத்துப்பார்த்துச் சான்று சேர்க்க வேண்டும். வேலையை விட்டுப் போனவர்களின் பட்டியலை மனிதவளப் பிரிவில் வாங்கி, இன்னும் உயிரோடு இருக்கும் கணக்குகளோடு பொருத்திப் பார்ப்பது இதில் தினசரிப் பாடு. ‘எல்லாம் நீக்கியாகிவிட்டது மேடம்’ என்பார் நிர்வாகி. தேதியோடு திரைப்பிடிப்பு கேட்க வேண்டும். போனவர் பெயரில் இல்லாமல், அவர் உருவாக்கிவிட்டுப் போன, மென்பொருள்கள் தாமாக இயங்கப் பயன்படும் சேவைக் கணக்கு ஒன்று எங்கோ ஓடிக்கொண்டிருக்குமே, அதைக் கேட்கத் தோன்றுவது சர்வரைத் தொட்டுப் பழகியவருக்குத்தான். பட்டம் வாங்கியதும் நேராக இங்கே வருபவர் எக்செல் கட்டங்களில் டிக் அடிப்பதோடு நின்றுவிடும் அபாயம் இதனால்தான். பகல் வேலை என்ற பேச்சும், தணிக்கைக்கு முந்தைய வாரத்தில் நடுநிசி வரை சான்று துரத்தியவர்களிடம் எடுபடாது.

ஜிஆர்சியின் உண்மையான பலம் வேறு இடத்தில் இருக்கிறது. 2017 திருத்தத்துக்குப் பிறகு மகப்பேறு விடுப்பு 26 வாரம். அதையும் தாண்டி ஒன்றிரண்டு ஆண்டு விலகியிருந்துவிட்டுத் திரும்பும்போது, மற்ற இரண்டிலும் கருவிகளும் தாக்கும் முறைகளும் மாறியிருக்கும். விதிமுறைகள் அவ்வளவு வேகமாக மாறுவதில்லை. செக்யூரிட்டி பிளஸ் போன்ற தொடக்கநிலைச் சான்றிதழ்கள் மூன்று ஆண்டில் காலாவதியாகின்றன என்பதையும் விடுப்புக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

என் தீர்ப்பைக் கேட்டால், கல்லூரியிலிருந்து நேராக வருபவருக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டு சாக், பிறகு எந்தப் பக்கம் பிரிந்தாலும் சரி. மென்பொருள் சோதனையில் இருப்பவர் சாக்கைத் தாண்டிப் பென் டெஸ்டிங்குக்கே போகலாம். வங்கியிலோ கணக்குத் தணிக்கையிலோ இருந்து வருபவருக்கு மட்டும் தொடக்கத்திலேயே ஜிஆர்சி.

சாக் நேர்முகத்தில் மூன்று கேள்விகளைக் கூச்சப்படாமல் கேளுங்கள். ஷிப்ட் எத்தனை நாளுக்கு ஒருமுறை மாறும்? எல்-1இல் இருப்பவர் பதிவுகளில் தானே தேடிப் பார்க்க அனுமதி உண்டா? கடந்த ஆண்டு எல்-1இலிருந்து எல்-2க்கு எத்தனை பேர் போனார்கள்? கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் வேறு நிறுவனம் பாருங்கள்.