‘பெட்டி உடைக்கல்ல’ என்று விற்ற ஈ-ரீடர், யாரோ தொலைத்தது

மட்டக்களப்பு டவுனில் ஈ-ரீடர் (மின்நூல் வாசிக்கிற கருவி) தேடித் திரிகிறவர்கள் காசைக் கொடுக்க முதல் இதை வாசித்துவிட்டுப் போங்கள். எனக்கு 28,000 ரூபாய் போனது. கடையின் பெயரைப் போடவில்லை.

அப்பாவுக்காகத்தான் வாங்கினேன். ஓய்வுபெற்ற வாத்தியார். கண்புரை ஒப்பரேசனுக்குப் பிறகு போன் திரை கண்ணைக் கூசுகிறது என்பார். ஈ-ரீடர் அப்படியில்லை; கறுப்பு, வெள்ளைத் துகள்கள் இடம் மாறித்தான் எழுத்து வருகிறது, பார்வைக்குக் கடதாசி மாதிரியே இருக்கும். ‘நூலகம்’ இணையத்தளத்தில் கிடக்கிற பழைய ஈழத்துப் புத்தகங்களைக் கல்லடி வீட்டு விறாந்தையிலேயே வாசிக்கலாம் என்று அவருக்கு ஆசை காட்டியதும் நான்தான்.

“டுபாய் சாமான் அண்ணன், பெட்டி உடைக்கல்ல” என்றார் கடைத் தம்பி. மேலே பளபளவென்று பொலித்தீன் உறை. பில்லில் ‘ஈ-ரீடர் 1’ என்று மட்டும் எழுதினார். சீரியல் நம்பர் எழுதச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அந்த ஒரு வரிதான் பிறகு என்னைக் கவிழ்த்தது.

வீட்டில் வைஃபை கொடுத்து என் கணக்கில் பதியப் போனால், முடியாது, கம்பனியைத் தொடர்புகொள்ளவும் என்று வந்தது. மூன்று முறை முயன்றேன், அதே பதில். கடைசியில் கம்பனியின் உதவிப் பிரிவுக்கு எழுதினேன். இந்தச் சாதனம் தொலைந்துவிட்டதாக அதன் சொந்தக்காரர் அறிவித்திருக்கிறார், வேறு யாருக்கும் திறந்துவிட மாட்டோம் என்றார்கள். அவர்கள் செய்தது நியாயம்தான். ஆனால் யாரோ தொலைத்த சாமான் இப்போது எங்கள் மேசையில் கிடக்கிறது.

சரி, பதியாமல் கேபிளால் ஃபைல் போட்டாவது பார்ப்போம் என்று போட்டேன். பழைய மொடல். தமிழ் மின்நூலைத் திறந்ததும் அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தார். “என்ன மனே இது, கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்? இறைச்சிக் கடையில கூறு போட்ட மாதிரிக் கிடக்கு.” அமேசான் கம்பனியின் ஈ-ரீடரான கிண்டிலில் தமிழ்ப் புத்தகம் விற்பனைக்கு வந்ததே 2016 கடைசியில்தான். அதற்கு முந்திய இயந்திரங்கள், எந்தக் கம்பனியுடையதாக இருந்தாலும், பலவற்றுக்குத் தமிழ் எழுத்தைக் கூட்டத் தெரியாது. ஸ்கேன் செய்த பிடிஎஃப் இன்னும் மோசம். அது படம் என்பதால் எழுத்தை மட்டும் பெரிதாக்க முடியாது. பெரிய பக்கத்தை 6 அங்குலத் திரையில் அங்கும் இங்கும் இழுத்து இழுத்துத்தான் வாசிக்க வேண்டும், ஒவ்வொரு இழுவைக்கும் திரை ஒருமுறை கறுத்து வெளுக்கும். இதை முன்கூட்டியே விசாரிக்காதது என் பிழை, கடையின் பிழை அல்ல.

திருப்பிக் கொண்டுபோனேன். “இது நாங்க தந்த சாமான் என்டு எப்படித் தெரியும்?” என்று கேட்டார்கள். பில்லில் நம்பர் இல்லையே. அரைமணி நேரம் வாக்குவாதப்பட்ட பிறகு, “8,000 ரூபாய்க்கு வேற ஏதும் எடுங்க” என்று இயர்போன் அடுக்கைக் காட்டினார்கள். எண்பதை எட்டப்போகிற மனிதருக்கு இயர்போன்.

இந்தச் சாமான்கள் உலகமெல்லாம் விற்கின்றன, ஆனால் எங்களை நினைத்து விற்பதில்லை. கிண்டில் 2007இல் அமெரிக்காவுக்கு மட்டும் வந்தது, 2009இல்தான் 100க்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அனுப்பத் தொடங்கினார்கள், 2012இல் இந்தியாவுக்கென்று கடை திறந்தார்கள். இலங்கைக்கென்று ஒன்றும் இல்லை. வந்த இடத்திலும் நிலைப்பார்கள் என்றில்லை; சீனாவில் 2023 நடுப்பகுதியோடு மின்நூல் விற்பனையை நிறுத்திவிட்டார்கள். அதனால் இங்கே பழுது, உத்தரவாதம் எல்லாம் கடைக்காரரின் வாய்ச்சொல்தான்.

வாங்கத்தான் வேண்டுமென்றால், கடையிலேயே உங்கள் போன் ஹொட்ஸ்பொட்டைக் கொடுத்து, உங்கள் கணக்கில் பதிந்து காட்டச் சொல்லுங்கள். பெட்டி உடைபடும் என்று மறுத்தால் வெளியே வந்துவிடுங்கள். நீங்கள் வாசிக்க நினைக்கிற தமிழ் ஃபைலைக் கையோடு கொண்டுபோய்த் திறந்து பாருங்கள். சீரியல் நம்பர் எழுதாத பில்லை வாங்காதீர்கள்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977க்கு அழைத்து முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். அவர்கள் முதலில் கேட்டதும் பில்லைத்தான்.

நேற்று அந்தக் கடையின் பேஸ்புக் பக்கத்தில் இன்னும் மூன்று ஈ-ரீடரின் படம் போட்டிருந்தார்கள். அதே பொலித்தீன் உறை, அதே 28,000.