வார்ஃபரினா, புதிய மாத்திரையா: உறைதல் பரிசோதனையை எது அதிகம் குழப்புகிறது?

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் லேப் ரிப்போர்ட் வந்ததும் முதலில் தேடுவது, ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். எண்ணைத்தான். வார்ஃபரின், அசிட்ரோம் சாப்பிடுகிறவர்களுக்கு அது சரி. அபிக்சபான், ரிவரோக்சபான், டாபிகாட்ரான் என்ற புதிய மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்கள் அதே எண்ணை நம்பக் கூடாது.

வார்ஃபரின் வைட்டமின் கே-யின் வேலையைத் தடுக்கிறது. அதனால் கல்லீரலில் 2, 7, 9, 10 ஆகிய உறைதல் காரணிகள் சரியாக உருவாவதில்லை. பி.டி., அதாவது ஐ.என்.ஆர். கணக்கிட உதவும் உறைதல் நேரம் கூடினால், ரத்தத்தில் உண்மையாகவே குறை இருக்கிறது என்று அர்த்தம். புதிய மாத்திரைகள் காரணிகளைக் குறைப்பதில்லை. மருந்தே ரத்தத்தோடு நீல மூடிக் குழாய்க்குள் வந்து, லேபில் நடக்கும் வினையையும் தடுக்கிறது. ஐ.என்.ஆர். கணக்கில் சேரும் திருத்த எண்ணும் வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களின் ரத்தத்தை வைத்து நிர்ணயித்தது. ரிவரோக்சபானுக்கு அது பொருந்தாது. லேப் பயன்படுத்தும் ரீஏஜென்ட் (வினைப்பொருள்) மாறினால் பி.டி.யும் மாறும்.

என்னை அதிகம் பயமுறுத்துவது அபிக்சபான். நல்ல அளவு மருந்து ரத்தத்தில் இருக்கும்போதே பி.டி., இன்னொரு உறைதல் நேரப் பரிசோதனையான ஏ.பி.டி.டி. இரண்டும் நார்மலாக வரலாம். ரத்தக்கசிவோடு அவசரப் பிரிவுக்கு வந்தவருக்கு இந்த இரண்டையும் மட்டும் பார்த்துவிட்டு 'மருந்து இல்லை' என்று முடிவெடுப்பது ஆபத்து. 10-ஆம் காரணியை மருந்து எவ்வளவு தடுக்கிறது என்று அளக்கும், அந்த மருந்துக்கென்றே அளவு திருத்திய ஆன்டி-10ஏ பரிசோதனைதான் பதில் சொல்லும். டாபிகாட்ரானில் நிலைமை நேர் எதிர். துளி மருந்து இருந்தாலும் த்ராம்பின் டைம் (த்ராம்பின் சேர்த்ததும் உறைய ஆகும் நேரம்) எகிறிவிடும். அது நார்மல் என்றால் டாபிகாட்ரான் இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம். உறைதலைத் தடுக்கும் ஊசி மருந்தான ஹெப்பாரினும் த்ராம்பின் டைமை இதே மாதிரி நீட்டும் என்பதால், ஹெப்பாரின் ட்ரிப் போகும் கையிலிருந்து ரத்தம் எடுக்கவே கூடாது.

குழப்பத்தின் உச்சம், ரத்தக்கட்டியை வரவழைக்கும் ஆன்டிபாடியைத் தேடும் லூபஸ் ஆன்டிகோகுலன்ட் பரிசோதனை. இதில் முக்கியமான ஒன்று கண்ணாடி விரியனின் விஷத்தை வைத்துச் செய்வது. விஷம் 10-ஆம் காரணியை நேரடியாகத் தூண்டிவிடும். ரிவரோக்சபான் அடக்குவதும் அதே காரணியைத்தான். ஆக, உறைய நேரம் பிடிக்கும். வார்ஃபரின் சாப்பிடுகிறவரின் பிளாஸ்மாவில் நார்மல் பிளாஸ்மாவைக் கலந்தால், குறைந்த காரணிகள் ஈடாகி நேரம் பெரும்பாலும் சரியாகும். ரிவரோக்சபான் இருந்தால், கலந்த பிளாஸ்மாவையும் அது தடுக்கும்; அசல் லூபஸ் ஆன்டிபாடி போலவே தெரியும். இல்லாத நோய் இப்படித்தான் 'பாசிட்டிவ்' ஆகிறது. அந்த ஒரு சொல்லால் ஒருவரின் மருந்தே மாறலாம். இந்த வகை ஆன்டிபாடிகளால் வரும் ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய் தீவிரமாக உள்ளவர்களுக்கு ரிவரோக்சபானை விட வார்ஃபரினே பாதுகாப்பு என்று 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது.

அதற்காக வார்ஃபரின் முழு நிரபராதி இல்லை. உறைதலைக் கட்டுக்குள் வைக்கும் புரோட்டீன் சி, எஸ் இரண்டையும் அது குறைத்துவிடும். பரம்பரைக் குறை இல்லாதவருக்கும் இருப்பது போல ரிப்போர்ட் வரும். உறைதல் முறையில் அளக்கும்போது ரிவரோக்சபான் அதே புரோட்டீன் எஸ்ஸைக் கூட்டிக் காட்டி, உண்மையான குறையை மறைத்துவிடலாம். ரத்தக்கட்டி வரும் வாய்ப்பைக் கூட்டும் பரம்பரை மாற்றமான ஃபேக்டர் 5 லெய்டனுக்கான மரபணுப் பரிசோதனையை எந்த மருந்தும் தொடாது.

அடுத்த வேளை மாத்திரைக்குச் சற்று முன்பு ரத்தம் கொடுத்தால் புதிய மாத்திரைகளின் குறுக்கீடு குறையும், ஆனால் முழுதாகப் போகாது. சில லேப்களில் பிளாஸ்மாவில் கரித்தூள் சேர்த்து அவற்றை உறிஞ்சி எடுக்கிறார்கள். நல்ல வழி, ஆனால் வார்ஃபரின், ஹெப்பாரினுக்குப் பலிக்காது. பரிசோதனைக்காக மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். ரிக்வெஸ்ட் ஃபாரத்தில் மருந்தின் பெயரையும், கடைசி வேளை எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள் என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.