சொந்தப் பாட்டு பாடத் தொடங்குகிறீர்களா? ஷூர் எஸ்எம்58 போதும்

தானே பாட்டெழுதி, மெட்டுப் போட்டு, கிட்டாரோடு பாடிப் பதிவு செய்யலாம் என்று இறங்கினால், முதலில் எல்லோரும் சொல்வது "கண்டென்சர் மைக் வாங்கு" என்பதுதான். மெல்லிய சத்தத்தையும் நுணுக்கமாக எடுக்கும் மைக் அது. பஞ்சு அடித்த ஸ்டூடியோ அறை இருந்தால் சரி. திருவையாறு, கும்பகோணம் பக்கம் ஓட்டு வீட்டிலோ மாடி அறையிலோ உட்கார்ந்து பாடுகிறவர்கள் அந்தக் காசில் ஷூர் எஸ்எம்58 என்ற மைக்கை வாங்குங்கள் என்பேன்.

காரணம் சத்தம். கொல்லையில் மோட்டார், ஐப்பசி மழைக்குத் தவளை, மார்கழி விடியலில் கோயில் ஒலிபெருக்கி, தை பிறந்தால் தெருவில் அறுவடை இயந்திரம். கொஞ்சம் தள்ளி வைத்துப் பாடும் கண்டென்சரில் இதெல்லாம் பாட்டோடு சேர்ந்து விழும். எஸ்எம்58 டைனமிக் வகை, அதாவது கண்டென்சர் அளவுக்கு மெல்லிய சத்தத்தை எடுக்காது, வாயருகே வைத்துப் பாடுவதற்கென்றே செய்தது. முன்னால் வருவதை எடுத்துக்கொண்டு பின்னால் வருவதைப் பெரும்பாலும் விட்டுவிடும். அதனால் நான் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து பாடுகிறேன், அப்போது மைக்கின் முதுகு தெருப்பக்கம் இருக்கும். எனக்குப் பின்னால் கொடியில் ஒரு ஜமுக்காளம், சுவரில் மோதித் திரும்பும் எதிரொலியை அது அடக்கிவிடுகிறது.

நாலு விரல்கடை தூரத்தில் பாடுவது நல்லது. மெதுவாகப் பாடும் வரிகளில் இன்னும் நெருங்கினால் குரலில் கனம் கூடும், மேல் ஸ்தாயிக்குப் போகும்போது கொஞ்சம் பின்வாங்கிக்கொள்ள வேண்டும், இது கைவரச் சில நாள் ஆகும். என் பாட்டு ஒன்று 'பொன்னி' என்று தொடங்குகிறது. நேராகப் பாடினால் அந்தப் 'பொ'வில் காற்று வந்து அறைகிறது, மைக்கை உதட்டின் ஓரத்துக்குச் சற்றுச் சாய்த்து வைத்ததும் சரியாகிவிட்டது.

எனக்குப் பிடித்தது சொல் துலங்கும் விதம். குரலின் தெளிவு இருக்கும் இடத்தை இந்த மைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கிறது. பாட்டெழுதுகிறவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆண்டுதோறும் ஆராதனைக்குப் பஞ்சரத்னக் கீர்த்தனைகள் ஒலிக்கிற ஊரில் ஒரு சின்னப் பிள்ளை "இது நானே எழுதிய பாட்டு" என்றால், "யாரிடம் கற்றுக்கொண்டாய்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். தியாகராஜரும் சாகித்தியத்தையும் மெட்டையும் தானே போட்டவர்தானே! கேள்வி கேட்பவர்களுக்குப் பதிவைப் போட்டுக் காட்டும்போது வரி புரிந்தால்தான் கடைசிவரை கேட்கிறார்கள்.

குறைகளும் உண்டு. 50 முதல் 15,000 ஹெர்ட்ஸ் வரைதான் எடுக்கும், அதனால் கிட்டார் கம்பியின் மினுமினுப்பு கொஞ்சம் மங்கும், கிசுகிசுப்பாகப் பாடுகிறவர்களுக்கும் அவ்வளவாகப் பொருந்தாது. கிட்டாரையும் குரலையும் தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள். மைக்கின் சிக்னல் சன்னம், எனவே மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸில் கெயினை, அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவை, நன்றாக ஏற்ற வேண்டும், ரொம்ப மலிவான இன்டர்ஃபேஸ் என்றால் 'உஸ்ஸ்' என்ற இரைச்சல் கூடவே வரும். எஸ்எம்58-எல்சி என்று விற்கும் மாடலில் சுவிட்சும் கிடையாது, கேபிளும் வராது. எக்ஸ்எல்ஆர் என்ற மூன்று முனை மைக் கேபிள், ஸ்டாண்டு, இன்டர்ஃபேஸ் எல்லாம் தனிச் செலவு, பட்ஜெட் போடும்போதே சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒன்று, பதிவில் 'ம்ம்' என்று மின்சார முனகல் கேட்டால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பாடிப் பாருங்கள். எர்த் சரியில்லாத வீடுகளில் பல சமயம் அதுதான் காரணம்.

வீட்டில் பாடிய அதே மைக்கைக் கோயில் திருவிழா மேடைக்கும் எடுத்துப் போகலாம். மைக் செட்காரர் ஸ்பீக்கர் பெட்டிகளை மைக்கின் முதுகுப் பக்கமாக வைத்தால் இது ஊளையிடுவது குறைவு, கைதவறிக் கீழே விழுந்தாலும் எளிதில் உடையாது. 1966இல் வந்த மாடல், இன்னும் மேடைக்கு மேடை இருக்கிறது. அதனாலேயே போலியும் ஏராளம். பாதி விலைக்குக் கிடைக்கிறது என்றால் தொடாதீர்கள், அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் பில்லோடு வாங்குங்கள்.