டோஜிரோவா, விக்டோரினாக்ஸா, பட்டறைக் கத்தியா?

ஜப்பான் கத்திகளில் கொஞ்சம் கைக்கு எட்டும் விலையில் கிடைப்பது டோஜிரோ டிபி வரிசை. நீகாத்தா மாகாணத்தில் சுபாமே என்ற ஊரில் செய்கிறார்கள். அதில் காய், கறி, மீன் எல்லாவற்றுக்கும் பொதுவான சான்டோக்கு என்ற 17 செ.மீ. கத்தியை சுவிஸ்காரர்களின் விக்டோரினாக்ஸ் ஃபைப்ராக்ஸோடும், லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த நம்மூர்ப் பட்டறைக் கத்தியோடும் வைத்துப் பார்க்கலாம்.

கத்தி விற்பவர்கள் பேப்பரை வெட்டிக் காட்டுவார்கள். புதுக் கத்தி எதுவும் பேப்பரை வெட்டும். எனக்குச் சரியான சோதனை பள்ளிபாளையம் சிக்கன்தான். சின்ன வெங்காயம் பொடிசாக, தேங்காய் பல்லுப் பல்லாக, நாட்டுக்கோழி எலும்போடு சின்னத் துண்டாக வேண்டும்.

வெங்காயத்தில் டோஜிரோ எங்கேயோ போய்விடுகிறது. வேர்ப்பக்கத்தை விட்டுவிட்டு நீளவாக்கில் கீறினால் இதழ்கள் கலையாமல் நிற்கின்றன. பட்டறைக் கத்தி அதே வெங்காயத்தை நசுக்கி, பலகையை ஈரமாக்கி, கண்ணையும் எரிய வைக்கிறது. அலகு மெலிசு, எஃகு கெட்டி, அவ்வளவுதான் ரகசியம். டோஜிரோவின் நடுவில் இருக்கும் விஜி10 எஃகு கெட்டித்தன்மையைக் காட்டும் ராக்வெல் அளவில் 60ஐ ஒட்டி இருக்கும், விக்டோரினாக்ஸ் 55, 56. கெட்டி எஃகை ஒடுக்கமான கோணத்தில் தீட்டினாலும் கூர் சீக்கிரம் மடங்காது. வாழைக்காய் நறுக்கினால் பட்டறைக் கத்தி கறுத்துப்போகும், காயையும் கறுக்க வைக்கும். மற்ற இரண்டுக்கும் அந்தத் தொல்லை இல்லை.

தேங்காயில்தான் கவனம் வேண்டும். தொட்டியிலிருந்து கெல்லி எடுத்த பத்தையைச் சீவ டோஜிரோ அருமை. கெல்லுவதற்கு அதையே நுழைத்து நெம்பினால் கூர் சில்லு சில்லாகத் தெறித்துவிடும். கோழி எலும்புக்கும் அதே கதை. அங்கே கனமான பட்டறைக் கத்தியை அடிக்க ஆளில்லை.

அப்புறம் சாணை. தெருவில் வருகிற சக்கரச் சாணையில் டோஜிரோவைக் கொடுக்காதீர்கள். தண்ணீர் படாத சக்கரத்தின் சூட்டில் கூரின் பதம் போய்விடும். தண்ணீரில் ஊறவைத்த 1000 கிரிட் (சொரசொரப்பைக் காட்டும் எண்) சாணைக் கல்லில் நிதானமாகத் தீட்ட வேண்டும். விக்டோரினாக்ஸை கடையில் விற்கிற இழுவைச் சாணையில் நாலு இழு இழுத்தாலே போதும்.

கல்லோடு உட்காரப் பொறுமை இருந்தால் டோஜிரோ வாங்குங்கள், எலும்புக்குப் பட்டறைக் கத்தி கூடவே இருக்கட்டும். வீட்டில் நாலு பேர் கை வைக்கிற கத்தி என்றால் விக்டோரினாக்ஸ்தான். அதை யார் எப்படிப் பிடித்தாலும், எதில் தீட்டினாலும் சமாளித்துக்கொள்ளும்.